வில்லனுக்குப் பக்கத்தில் நிற்பது யார்? 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' தொடரின் வில்லன்கள் பற்றி ஒரு பார்வை

தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியை ஒட்டிய தொடர்மாடிகளிலும், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமும், உள்ளே நெருக்கியடித்துக் கிடக்கும் தோட்டங்களிலும் வளர்ந்து இப்போது இருபதுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம், சின்ன வயதில் பார்த்த பெரிய வில்லன் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'பாட்ஷா' படத்து மார்க் ஆண்டனியின் பெயர் வரும். அதோடு, பெரியவர்கள் கேள்விப்பட்டிராத இன்னொரு பெயரும் வரும்: ஷெண்டு. அவன் மனிதன் அல்லன். டிராகன் உருவில் வரும் நெருப்பு அரக்கன், கார்ட்டூன் பாத்திரம். சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007இல் தொடங்கிய பிறகு, 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' தொடரின் தமிழ் டப்பிங் வழியாக, கேபிளிலும் டிஷ்ஷிலும் கொழும்பு வீடுகளுக்குள் வந்தவன்.

இந்தத் தொடர் அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஒளிபரப்பானது. 5 சீசன்கள், 95 எபிசோட்கள். ஹொங்கொங் நடிகர் ஜாக்கி சானின் பெயரையும் சண்டைப் பாணியையும் எடுத்துக்கொண்டு, அவரை சான் பிரான்சிஸ்கோவில் வாழும் தொல்பொருள் ஆய்வாளராக்கிக் கதை சொல்கிறது. கூட வருபவர்கள் துடுக்கான மருமகள் ஜேட், மந்திரம் தெரிந்த முன்கோபக்கார அங்கிள், ரகசிய அமைப்பான செக்ஷன் 13இன் தலைவர் கேப்டன் பிளாக். நல்லவர்கள் அணி ஐந்து சீசனிலும் ஏறத்தாழ இதுவே. வில்லன் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான். ஒரு தொடருக்குள்ளேயே வில்லன் எழுத்து எங்கே எழுகிறது, எங்கே விழுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான களம் கிடைப்பது அரிது.

எந்த அளவுகோல்?

வில்லனை அளக்கப் பொதுவாக இரண்டு கோல்களை எடுப்பார்கள். முதலாவது பலம்: எத்தனை பேரை அடித்தான், எவ்வளவு பயமுறுத்தினான். இரண்டாவது அனுதாபம்: அவன் கெட்டவனானதற்கு ஒரு சோகக் காரணம் இருக்கிறதா. இரண்டுமே பாதி வழிதான் கொண்டு போகும். பலத்தை மட்டும் வைத்தால் ஒவ்வொரு சீசனிலும் முந்தியவனைவிடப் பலசாலி ஒருவனை இறக்க வேண்டியதுதான். அதற்கு முடிவே இல்லை. அனுதாபத்தைக் கட்டாயமாக்கினால், எந்த நியாயமும் இல்லாமலே நம்மைக் கட்டிப்போடும் நல்ல வில்லன்கள் பலரைத் தள்ளிவிட நேரும்.

தமிழ் மரபில் இன்னொரு கோல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கம்பனின் இராவணனைப் பெரியவனாக்குவது பத்துத் தலையோ கைலாயம் பெயர்த்த கதையோ மட்டும் அல்ல. அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகப் போருக்குப் போய்ச் சாகும் கும்பகருணன் அவன் பக்கத்தில் இருக்கிறான். பிழை என்று சொல்லிவிட்டு விலகிப் போகும் வீடணனும் இருக்கிறான். மகன் இந்திரசித்து விழும்போது உடைந்துபோகும் தகப்பனையும் அங்கே பார்க்கிறோம். வில்லன் எப்பேர்ப்பட்டவன் என்பதை அவனோடு நிற்பவர்களும் அவனை விட்டுப் போகிறவர்களும் சொல்லிவிடுகிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தனின் வழிகாட்டலில் பேராதனையில் உருவாகி, சி. மௌனகுரு எழுதி ஆடிய 'இராவணேசன்' கூத்து, 1960களில் இலங்கைத் தமிழ் மேடையில் அழுத்தமாகக் காட்டியதும் இந்த இராவணனைத்தான்.

எனவே இந்தக் கட்டுரையின் கேள்வி இது: ஜாக்கி சான் தொடரின் ஒவ்வொரு வில்லனுக்கும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள், எப்போது விலகுகிறார்கள்?

முதல் சீசன்: கடன்காரனும் கூட்டாளியும்

முதல் சீசனில் ஷெண்டு ஒரு கற்சிலை. நகர முடியாது, அடிக்க முடியாது. பேசலாம், மிரட்டலாம், ஆசை காட்டலாம், அவ்வளவுதான். அவனுடைய சக்தி 12 தாயத்துகளாகப் பிரிந்து உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. சேவலுக்குப் பறக்கும் சக்தி, எருதுக்குப் பலம், முயலுக்கு வேகம், பாம்புக்கு மறையும் ஆற்றல் என்று சீன ராசி விலங்குகளின் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அவற்றைத் தேடிக் கொடுக்க அவனுக்கு ஆள் தேவை.

அந்த ஆள் வால்மாண்ட். 'டார்க் ஹாண்ட்' என்ற குற்றக் கும்பலின் தலைவன். வெள்ளை முடி, பச்சைக் கோட்டு, மரியாதையான பேச்சு. பழங்காலச் சீனப் பேரரசின் புதையலைத் தருவதாகச் சொல்லி ஷெண்டு அவனோடு ஒப்பந்தம் போடுகிறான். வேலைக்கு ஷாடோகான் என்ற நிழல் நிஞ்சாக்களையும் இரவல் கொடுக்கிறான். ஒருவருக்குப் புதையல் வேண்டும், மற்றவருக்கு உடம்பு வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஒருவரை விட்டால் ஒருவருக்கு வழியும் இல்லை.

எழுத்தாளர்கள் இங்கே செய்த கெட்டிக்கார வேலை, வில்லனை இயலாதவனாக வைத்துத் தொடங்கியதுதான். 13 எபிசோட் முழுக்க ஷெண்டு அடுத்தவன் கையை எதிர்பார்க்கிறான். தாயத்து ஒன்று ஜாக்கியிடம் போனால் கத்துகிறான். ஆனால் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வால்மாண்டுக்கு அவன் ஒரு எரிச்சலூட்டும் வாடிக்கையாளன் மாதிரி. இந்த இழுபறியில்தான் கதை ஓடுகிறது. சீசன் முடிவில் 12 தாயத்தும் சேர்ந்து உடம்பு கிடைத்ததும் ஷெண்டு கூட்டாளியைக் கைவிடுகிறான். அவன் அப்படித்தான் செய்வான் என்று சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் அந்தத் துரோகம் நமக்கு உறைக்கிறது. இத்தனை நாளும் இருவரும் எப்படி ஒருவரில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்திருக்கிறோமே.

ஷெண்டுவுக்கு அனுதாபக் கதை எதுவும் இல்லை. 900 வருடப் பழைய வஞ்சம் மட்டும் இருக்கிறது. அவன் நல்ல வில்லனாக நிற்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

டோரு: செஞ்சோற்றுக் கடனின் மறுபக்கம்

வால்மாண்டின் அடியாட்களில் மிகப் பெரிய உருவம் டோரு. மலை மாதிரி உடம்பு, சின்னக் கண், குறைந்த பேச்சு. முதல் எபிசோட்களில் அவன் வெறும் தடை. ஜாக்கி தாண்டிப் போக வேண்டிய சுவர். மற்ற தொடர்களாக இருந்தால் கடைசி வரை சுவராகவே இருந்திருப்பான்.

இங்கே அவன் முதலாளி அவனை எப்படி மதிக்கிறான் என்பதைச் சிறுகச் சிறுகக் காட்டுகிறார்கள். தோற்கும்போதெல்லாம் திட்டு, அவன் இடத்துக்கு ஹாக் ஃபூ என்ற புதிய சண்டைக்காரன். முதல் சீசன் முடிவில் டோரு பக்கம் மாறுகிறான். அடுத்தடுத்த சீசன்களில் அங்கிளின் சீடனாகி, மூலிகை இடித்து, மந்திரம் படிக்கிறான். இவ்வளவு பெரிய மனிதன் தன் குட்டித் தாயாருக்குப் பயந்து நடுங்குவதையும் பார்க்கிறோம்.

செஞ்சோற்றுக் கடனைப் பெரிதாகப் பேசும் மரபு நம்முடையது. கும்பகருணனும் கர்ணனும் தவறான பக்கம் நின்றே மனதில் இடம் பிடித்தவர்கள். டோருவின் கதை அதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறது: சோறு போட்டவன் உன்னை மனிதனாகவே மதிக்கவில்லை என்றால் கடன் யாருக்கு? பத்து வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. அங்கிள் தலையில் குட்டிக் குட்டியே அவனை வீட்டுப் பிள்ளையாக்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். ஐந்து சீசனிலும் ஆகச் சிறந்த வில்லன் எழுத்து எது என்றால், வில்லனாக இருப்பதை விட்டுவிட்ட இந்த மனிதன்தான்.

மிச்சமிருக்கும் அடியாட்களான ஃபின், ராட்சோ, சோ மூவரும் நகைச்சுவைக்கு. முதலாளிகள் மாறினாலும் கூலி வேலை மாறாதவர்கள். ஹாக் ஃபூ ஒவ்வொரு அடிக்கும் முன்னால் புலி, காகம் என்று ஏதாவது ஒரு விலங்கின் பெயரில் ஓர் அடிமுறையைக் கூவிச் சொல்லிவிட்டுத்தான் பாய்வான். தொடர்மாடி வராந்தாவில் விளையாடும்போது ஜாக்கியாக இருக்க ஒருவன் கிடைப்பதற்கு முன்னாலேயே ஹாக் ஃபூவாக இருக்க நாலு பேர் கையைத் தூக்கியதில் ஆச்சரியம் இல்லை. கத்த நல்ல வசதி.

இரண்டாம் சீசன்: ஒரே உடம்பில் இருவர்

39 எபிசோட் கொண்ட இரண்டாம் சீசன்தான் தொடரின் உச்சம். முதல் சீசன் முடிவில் செத்த ஷெண்டுவின் ஆவி பாதாள உலகில் தன் உடன்பிறப்புகளிடம் மாட்டிக்கொள்கிறது. அவனையும் சேர்த்து மொத்தம் எட்டு அரக்கர்கள்: காற்று, நீர், மண், இடி, வானம், மலை, நிலவு, நெருப்பு என்று ஆளுக்கொரு ஆதிக்கம். பழங்காலத்தில் எட்டு சிரஞ்சீவிகளால் அடைக்கப்பட்டவர்கள். விடுவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் வழி தேடிய தம்பி மேல் அவர்களுக்குக் கோபம். ஜாக்கியின் உடம்பில் புகுந்து எங்களைத் திறந்துவிடு என்று அனுப்புகிறார்கள். அவன் குறி தவறி வால்மாண்டின் உடம்புக்குள் போய்விடுகிறான்.

முதல் சீசனில் மேசைக்கு இரண்டு பக்கம் இருந்த கூட்டாளிகள் இப்போது ஒரே தோலுக்குள். கண் சிவந்தால் ஷெண்டு பேசுகிறான். சிவப்பு மறைந்தால் வால்மாண்ட் புலம்புகிறான். ஒருவன் உலகத்தை அழிக்கத் துடிக்க, மற்றவன் தன் பணமும் மரியாதையும் கரைந்து போவதைப் பார்த்துப் பதறுகிறான். சிரிப்புக்குச் சிரிப்பு, அதற்குள்ளே ஒரு கொடூரமும் உண்டு: துரோகம் செய்தவனையே காலம் முழுக்கச் சுமக்க வேண்டிய நிலை.

இந்த சீசனில் அரக்கர்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். சிலர் ஒரு எபிசோட் தடைக்கு மேல் தேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வானத்து அரக்கன் ஷி வூ மட்டும் விதிவிலக்கு. சண்டையில் வாலை இழந்தவன், அதை மீட்க ஒரு பள்ளிச் சிறுவன் வேடத்தில் ஜேட்டிடம் நட்புப் பிடிக்கிறான். ஜேட்டும் நம்பிவிடுகிறாள். சிறு பிள்ளைக்கு நேரக்கூடிய நிஜமான ஆபத்து, நெருப்புக் கக்கும் டிராகனைவிட, நண்பனாக வந்து நிற்கும் ஒருவன்தான் என்று அந்த ஒரு எபிசோட் தெளிவாகச் சொன்னது.

இதே சீசனில் ஜேட் ஒரு மந்திரப் புத்தகத்துச் சின்னத்தைக் காலில் பச்சை மாதிரிப் பதித்துக்கொள்ள, ஷாடோகான் படை அவளுக்கு அடிபணிகிறது. முதலில் விளையாட்டு, பிறகு போதை, கடைசியில் அவளே அந்த நிழல்களின் ராணி. வில்லத்தனம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று இல்லை, நம் கதாநாயகிக்குள்ளேயே அதற்கு இடம் உண்டு என்று எழுதத் துணிந்தார்கள். காலக் கதையையே திருத்தி எழுதி அரக்கர்கள் ஆளும் உலகை ஷெண்டு உருவாக்கும் இரண்டு பாக எபிசோடிலும், பழைய உலகம் ஜேட்டுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. வில்லன்களின் கதை குடும்பக் கதையாகவும், நாயகர்களின் கதை அதற்கு எதிரே நிற்கும் இன்னொரு குடும்பக் கதையாகவும் ஆனது இங்கேதான்.

மூன்று முதல் ஐந்து வரை: தனித்து நிற்பவர்கள்

17 எபிசோட் கொண்ட மூன்றாம் சீசனில் தொடர் தடுமாறுகிறது. புதிய வில்லன் டாவோலொன் வாங், கருப்பு மந்திரவாதி. தாயத்துகள் அழிந்து, அவற்றின் சக்தி உயிருள்ள விலங்குகளுக்குள் போய்விட, அவற்றைத் துரத்துகிறான். தோற்றம் மிரட்டல், மந்திரமும் பலமானது. பக்கத்தில் நிற்கும் மூன்று வீரர்களோ பேச்சில்லாத ஏவலாட்கள். அவனிடம் யாருக்கும் கோபம் இல்லை, கடன் இல்லை, ஏமாற்றம் இல்லை. எதிரணியில் அங்கிள் என்ற நல்ல மந்திரவாதி இருப்பதால் ஒரு சமநிலை கிடைக்கிறது. அதற்கு மேல் நகரவில்லை. பலம் கூடியிருக்கிறது, ஆள் குறைந்திருக்கிறான்.

நான்காம் சீசனின் தாராகுடோ, ஷாடோகான் கூட்டங்களின் தலைவன்; உடம்பில்லாமல் மிதக்கும் தலை. அவனுடைய ஒன்பது தளபதிகள் முகமூடிகளுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். முகமூடியை அணிந்தவனிடமிருந்து அது கழலாது. மெல்ல மெல்ல அவனையே விழுங்கிவிடும். அருமையான கருத்து இது. ஆனால் அதன் சுவை முகமூடி மாட்டிக்கொண்டவர்களிடம் இருக்கிறது, தாராகுடோவிடம் இல்லை. அவன் சிரித்துக்கொண்டு மிதக்கிறான். கடைசிக் கட்டத்தில் ஜேட் மறுபடியும் ராணியாகும்போதுதான் சீசனுக்கு உயிர் வருகிறது.

ஐந்தாம் சீசனின் டிராகோ எதிர்காலத்திலிருந்து வருபவன், ஷெண்டுவின் மகன். இங்கே பொன்னான வாய்ப்பு இருந்தது: கொடியவனின் பிள்ளை, தகப்பனையே மிஞ்சப் பார்க்கிறான். பெரியப்பா, அத்தை அரக்கர்களின் சக்தியைத் திரட்டுகிறான். இறுதியில் தகப்பனும் மகனும் மோதிக்கொண்டே பாதாளத்துக்குள் இழுபடுவது நல்ல முடிவுதான். ஆனால் அந்த உறவு கடைசி நேரத்தில்தான் பேசப்படுகிறது. அதுவரை டிராகோ இன்னொரு பலசாலி, அவ்வளவே. இரணியன்–பிரகலாதன் கதையை அறிந்த நம் பார்வையாளருக்கு இது கைக்கெட்டியும் வாய்க்கெட்டாதது. 2025இல் வந்த 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படத்துக்கும் கதைப் பலம் நரசிம்மரின் உருமாற்றத்தில் மட்டும் இல்லை. பெற்ற பிள்ளையே தன் பெயரைச் சொல்ல மறுப்பதைத் தாங்க முடியாத இரணியனிடமும் இருக்கிறது.

வெளியே என்ன நடந்தது?

வேறு தொடர்களிலும் இதே கோலை வைத்துப் பார்க்கலாம். 1992இல் 'பேட்மேன்' அனிமேஷன் தொடரில் பால் டினி எழுதிய ஓர் எபிசோட், அதுவரை கேலிப் பாத்திரமாக இருந்த மிஸ்டர் ஃப்ரீஸை உறைந்து கிடக்கும் மனைவி நோராவோடு கட்டிப்போட்டது. எழுத்துக்கு எம்மி விருதும் வாங்கித் தந்தது. அவனை உயர்த்தியது பனித் துப்பாக்கி அல்ல, அந்த மனைவி.

2005 முதல் 2008 வரை 61 எபிசோட்களாக வந்த 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. இளவரசி அசூலா யாரும் வெல்ல முடியாதவள். தோழிகள் மேய், டை லீ இருவரும் பயத்தால் அவளோடு இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் எதிர்த்து நின்றதிலிருந்து அவள் சரிவு தொடங்குகிறது. எந்த அடியும் சாதிக்காததை அந்த விலகல் சாதித்தது. தகப்பனால் முகம் கருகிய அண்ணன் சூக்கோவின் மனமாற்றமும் அப்படியே. அதே தொடரில் உச்ச வில்லனான தீ மன்னன் ஓசாய் ஒப்பீட்டில் வெறுமையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: அவனைச் சுற்றி யாரும் இல்லை.

இந்தியத் தயாரிப்பான 'சோட்டா பீம்' 2008இல் போகோவில் தொடங்கியது. அதில் வரும் அரக்கர்களைப் பிள்ளைகள் வாரம் ஒருவராக மறந்துவிடுவார்கள். டோலு, போலு என்ற இரட்டையரோடு திரியும் அயல்வீட்டுப் போக்கிரி காலியாவை மறக்க மாட்டார்கள்.

மொழி மாறும்போது

கேபிள் வருவதற்கு முந்தைய தெமட்டகொடைத் தமிழ், முஸ்லிம் வீடுகளின் கார்ட்டூன் பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தது. ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த செய்த 'ஹா ஹா ஹரி ஹாவா' (பக்ஸ் பன்னி), 'பிஸ்ஸு பூஸா' (டாப் கேட்) ஆகியவற்றைச் சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைகளும் விழுந்து விழுந்து ரசித்தார்கள். அங்கே எதிராளி துப்பாக்கி தூக்கிய அப்பாவி வேட்டைக்காரன், அல்லது பூனைகளைத் துரத்தும் பொலிஸ்காரன். சுட்டி டிவியிலேயே 'டோரா'வின் குள்ளநரி, திருடாதே என்று மூன்று தடவை சொன்னால் விட்டுவிடும். இவற்றுக்கு நடுவே தொடர்ச்சியாகக் கதை சொல்லி, துரோகம் செய்து, அடுத்த சீசனில் திரும்பி வரும் வில்லனைத் தமிழில் கேட்டது அந்தத் தலைமுறைக்குப் புது அனுபவம்.

டப்பிங்கில் இழப்பும் உண்டு. மூலத்தில் வால்மாண்டுக்குத் தொடக்கத்தில் குரல் கொடுத்தவர் பிரிட்டிஷ் நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ். மேட்டுக்குடி ஆங்கில உச்சரிப்பே அந்தப் பாத்திரத்தின் பாதி. அது தமிழுக்கு வராது. அதற்கு ஈடாகப் பேச்சுத் தமிழின் கிண்டல் வந்தது. அது சென்னைப் பேச்சு. கொழும்புப் பிள்ளைகளின் வீட்டுத் தமிழ் வேறு. வில்லன்கள் தங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழில் பேசியது அவர்களுக்கு அந்நியமாகப் படாமல், வேடிக்கையாகவே பட்டது.

தீர்ப்பு

'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' வில்லன்களை நன்றாக எழுதியதா? முதல் இரண்டு சீசனில் மிக நன்றாக. பிறகு பாதி அளவுக்குத்தான். ஒப்பந்தத்தாலும் உடம்பாலும் இரத்த உறவாலும் ஒருவரோடு ஒருவர் பிணைந்திருந்தபோது வில்லன்கள் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டுச் சக்தியை மட்டும் கூட்டியபோது வேடிக்கை கூடியது, வில்லன் மறைந்துபோனான். தொடரின் முதல் வில்லனான ஷெண்டுவைக் கடைசி எபிசோட் வரை திரும்பத் திரும்ப அழைக்க வேண்டியிருந்ததே அதற்குச் சான்று.

இலங்கையில் தமிழில் அனிமேஷன் செய்ய முனைகிறவர்களுக்கும், அதற்கு நேரம் ஒதுக்க வேண்டிய நம் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மென்பொருளும் வரைகலையும் இன்று எட்டாத பொருள்கள் அல்ல. இராவணனையும் கும்பகருணனையும் கூத்து மேடையில் கண்ட சமூகத்துக்குக் கதைப் பஞ்சமும் இல்லை. வில்லனை வரையத் தொடங்கும்போது அவனுக்கு எத்தனை தலை என்று முடிவு செய்வதற்கு முன், அவனுக்காக யார் சாகத் தயார், அவனை விட்டு யார் போகப் போகிறார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.